எலுமிச்சை தின்ற துப்பாக்கி

கோப்பெங்கைத் தாண்டி உள்ளே போகும் செம்மண் சாலையில் கனகராஜின் டுரியான் கொல்லைக்கு வழி கேட்டால், "துப்பாக்கிக்காரர் வீடா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். அறுபது டுரியான் மரமும் ஒரு வரிசை லங்சாட்டும் மழைக்கு ஒழுகாத பலகை வீடும் வைத்திருக்கிற மனிதருக்கு ஊர் கொடுத்த பட்டம் அது. மரங்களை யாரும் மதிக்கவில்லை. சுவரோடு பூட்டிய இரும்புப் பெட்டிக்குள் இருந்த அந்த ஒற்றைத் துப்பாக்கியைத்தான் மதித்தார்கள்.

பெரிய துப்பாக்கி ஒன்றுமில்லை. சுண்டுவிரல் நுனி அளவுத் தோட்டா போடுகிற பழைய டுவெண்டி டூ. அணிலுக்குப் போதும், காட்டுப்பன்றி பார்த்தால் சிரித்துவிட்டுப் போகும். கனகராஜின் அப்பா ரப்பர் தோட்டத்தில் ஜாகாவாக, அதாவது காவல்காரராக இருந்தவர். தோட்டத்தை விற்று, கித்தா என்கிற ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டபோது, லயத்து வீடுகளில் இருந்த அத்தனை பேரும் பானை சட்டியோடு வெளியேறினார்கள். நிலம் இல்லை, வீடு இல்லை. கடைசி மானேஜர் போகும்போது முறைப்படி லைசன்ஸ் மாற்றி இந்தத் துப்பாக்கியை மட்டும் ஜாகாவிடம் விட்டுப் போனார். ஒரு வாழ்நாள் உழைப்புக்குத் தோட்டத்திலிருந்து அந்தக் குடும்பத்துக்கு வந்த ஒரே சொத்து. அதனால் வீட்டில் அதற்குச் சாமிக்கு அடுத்த இடம்.

சும்மா சொல்லவில்லை. ஆயுத பூஜை வந்தால் பாராங் கத்தி, புல்வெட்டும் மிஷின், மோட்டார் சைக்கிள், பழைய ரப்பர் பால்வெட்டுக் கத்தி எல்லாம் கழுவித் துடைக்கப்பட்டுச் சாமி மேடைக்கு முன்னால் வரிசையாக உட்காரும். நடுவில் மாப்பிள்ளை மாதிரி துப்பாக்கி நிற்கும். பின்பக்கத்து மரக்கட்டைக்குச் சந்தனம், குங்குமம். மோட்டாரின் சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைப்பதைப் போல, நிமிர்ந்து நிற்கும் குழலின் வாயில் ஒரு எலுமிச்சம்பழத்தைக் குத்தி வைப்பார் கனகராஜ். அவருடைய அப்பா வைத்தார், இவரும் வைத்தார். சாமிக்கு வைத்ததைக் கையால் எடுக்கக் கூடாது. வாடி, சுருங்கி, தானாக விழும்வரை பழம் அங்கேயே இருக்கும்.

அவர் அண்ணாந்து சுட்டால் அணில் கீழே என்று ஊரே சொல்லும். மனைவி செல்லாயிதான் அவருக்குக் கண். குள்ளமான, அகலமான, சத்தமாகப் பேசுகிற பெண். பத்து வயதிலிருந்து அம்மாவோடு பால் வெட்டப் போனவள். இலைக்குள் எங்கே என்ன அசைகிறது என்று அவள் விரல் நீட்டுவாள், அவர் சுடுவார். முப்பது வருடமாக அந்தக் குடும்பத்தின் வேலைப் பங்கீடு இதுதான்.

பிறகு குறி தப்ப ஆரம்பித்தது. முதலில் ஒன்றிரண்டு. அப்புறம் பாதிக்குப் பாதி. கனகராஜ் ஈப்போ போய்க் கண்ணாடி வாங்கினார். கண்ணாடி போட்டும் தப்பியது. பிஞ்சு டுரியானைக் கொறித்துக் கீழே போட்டுவிட்டு அணில்கள் அவர் தலைக்கு மேலேயே ஓடிப் பிடித்து விளையாடின. அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். யாராவது "துப்பாக்கிக்காரரே" என்று கூப்பிட்டால் முகம் சுருங்கும். போன தீபாவளிக்குப் பிறகு ஒரு நாள் காலையில் பசியாறிக்கொண்டிருந்தவருக்கு வலது கை தூக்கவில்லை. வாய் ஒரு பக்கம் கோணியது. ஸ்ட்ரோக். உயிர் பிழைத்தார், இடது கையால் சாப்பிடக் கற்றுக்கொண்டார். துப்பாக்கி பாலாய்க்கு, போலீஸ் நிலையத்துக்குப் போய்விட்டது.

அங்கே சார்ஜன் ஸைஃபுல் நல்ல மனிதர். செல்லாயியை நாற்காலி போட்டு உட்கார வைத்து விளக்கினார். கொல்லையில் பாடுபடுகிற, குடும்பத்து ஆள் யாராவது லைசன்ஸ் கேட்கலாம். சுடத் தெரிந்திருக்க வேண்டும், துப்பாக்கியும் பழுதில்லாமல் இருக்க வேண்டும். அடுத்த டுரியான் பருவத்துக்குள் ஆள் வராவிட்டால் ஒப்படைத்ததாக எடுத்துக்கொண்டு அழித்துவிடுவார்கள்.

"அழிக்கிறதுன்னா?" என்று கேட்டாள் செல்லாயி.

"உருக்கிவிடுவார்கள், அக்கா" என்றார் அவர் மலாயில்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வாயே திறக்காமல் வந்தாள். அவளைப் பொறுத்தவரை அது பெரிய அதிசயம்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே கனகராஜின் தம்பி ரூபன் சிலிம் ரிவரிலிருந்து காடி ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினான். டயர் கடை வைத்திருக்கிறான். அண்ணனைப் போலவே ஆறடி. கெட்டவன் இல்லை, வரும்போது அண்ணனுக்கு ஆரஞ்சும் ஓட்ஸும் வாங்கி வருகிறவன். ஆனால் உலகத்தில் எதையும் தன்னைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்று நினைப்பு. செல்லாயி நெத்திலிச் சம்பலும் மரவள்ளி இலைப் பொரியலும் வைத்துச் சோறு போட்டாள். இரண்டாவது தட்டு வரைக்கும் பொறுத்திருந்தான்.

"அண்ணி, பாலாய்ல கெடக்குற அந்த செனாப்பாங்க, துப்பாக்கிய, என் பேருக்கு மாத்திக்கிறேன். அப்பாவோட சாமான். ஆம்பளப் புள்ளைங்க நாங்க ரெண்டு பேரு. அண்ணனுக்கு முடியல. அடுத்து நான்தானே லா?"

"நீங்க சிலிம் ரிவர்ல இருப்பீங்க, தம்பி. கொல்லை இங்க இருக்கு."

"அதுக்கென்ன, அணில் வந்தா ஒரு போன் போடுங்க. வந்துர்றேன்."

"போன் போட்டு? அணில்கிட்ட, 'தம்பி ஹைவேல வாராரு, ஜாம்ல மாட்டிக்கிட்டாரு, கொஞ்ச நேரம் குந்தியிரு'ன்னு சொல்லணுமா?"

சாய்வு நாற்காலியில் இருந்த கனகராஜின் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று தெரிய ஒரு நொடி ஆனது.

"வெளையாடாதீங்க அண்ணி. வேற யாரு இருக்கா? ஒங்க பொண்ணுங்க ரெண்டும் சிங்கப்பூர்ல. யாரு சுடுறது?"

"நான் இருக்கேன்ல."

ரூபன் கையில் பிசைந்த சோற்றோடு அப்படியே அவளைப் பார்த்தான். தலையிலிருந்து கால் வரை பார்த்தான். அதற்கு அதிக நேரம் பிடிக்காது, அவள் உயரம் அப்படி. "ஒங்களவிட அது ஒசரமா இருக்குமே அண்ணி" என்றான்.

அதில் பொய் ஒன்றுமில்லை. செல்லாயிக்கும் அதுதான் கவலை.

பாலாயில் எழுதிக் கேட்டு அனுமதி வந்ததும், துப்பாக்கியைப் பழுது பார்க்க ஈப்போவுக்கு அனுப்பினார்கள். பழைய கடைத்தெருவில், இரண்டு காப்பிக் கடைகளுக்கு நடுவில், அரசாங்க லைசன்ஸோடு துப்பாக்கி விற்கிற, பழுது பார்க்கிற கடை. பின்கட்டில் பட்டறை. அதன் ராஜா முகம்மது கௌஸ். வெற்றிலைச் சிவப்பு வாய், மூக்கின் நுனியில் கண்ணாடி, எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும் முன்பே பதில். செல்லாயி போனபோது அவர் குழலுக்குள் விளக்கு அடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்கக்கா, பசியாறிட்டீங்களா? உக்காருங்க. இதக் கொஞ்சம் பாருங்க. குழல் முக்காவாசி கண்ணாடி மாதிரி இருக்கு. யாரோ நல்லா வச்சுருக்காங்க. வாய்கிட்ட மட்டும் சொத்தப் பல்லு. நாலு விரக்கடைக்கு அரிச்சுப் போயிருக்கு. என்னத்த ஊத்துனீங்க?"

"ஒன்னும் ஊத்தலையே பாய். அவரு மாசாமாசம் எண்ணெ போட்டுத் தொடைப்பாரு. கண்ணு மாதிரி வச்சுருந்தாரு."

"எண்ணெ போட்டா இப்படி அரிக்காது. புளிப்பு ஏதோ எறங்கியிருக்கு. மேல இருந்து எறங்கியிருக்கு."

செல்லாயி யோசித்தாள். பிறகு அவள் கை தானாக வாயைப் பொத்தியது. "வருஷத்துக்கு ஒரு தடவ... ஆயுத பூஜைக்கு... எலுமிச்சம்பழம் குத்தி வைப்போம் பாய்."

"எங்க?"

"அது வாயிலதான்."

"எவ்வளவு நேரம்?"

"அதுவா விழுற வரைக்கும்."

கௌஸ் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அல்லாவே! நாங்க ஊறுகா போடுறதுக்கு வாங்குற சாமான், துப்பாக்கிக்கு ஊட்டியிருக்கீங்களே! இவ்வளவு வருஷம் தின்னுட்டு இது சுட்டதே பெருசு." வயிறு குலுங்கச் சிரித்தார். செல்லாயிக்கும் சிரிப்பு வந்தது. பாதிச் சிரிப்பில் ஒன்று உறைக்க, சட்டென்று நிறுத்தினாள்.

"பாய், வாய் அரிச்சுப் போனா குறி தப்புமா?"

"தப்பாம? தோட்டா கடைசியா தொட்டுட்டுப் போற எடம் அதுதானே. அங்க கோணலா இருந்தா எவ்வளவு பெரிய ஆளு சுட்டாலும் தள்ளித்தான் போவும்."

அவளுக்கு அந்தக் கண்ணாடி, ஈப்போ கண் டாக்டர், இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே போய்ப் படுத்துக்கொள்ளும் மனுஷன், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன.

"அரிச்ச எடத்த அறுத்துட்டு வாயப் புதுசா செஞ்சிரலாம்" என்றார் கௌஸ். "பாலாய்க்கு எழுதிப் போட்டு, சரின்னு பதில் வரட்டும், அப்புறந்தான் கை வைப்பேன். அது ஒரு பக்கம். யாரு சுடப் போறது?"

"நான்தான்."

அவர் சிரிக்கவில்லை. தோட்டா இல்லை என்பதைத் திறந்து காட்டிவிட்டுத் துப்பாக்கியை நீட்டினார். "சுவத்தப் பாத்துப் புடிங்க."

பிடித்தாள். கட்டை தோளைத் தாண்டிக் கைக்கு வெளியே துருத்தியது. கன்னத்தை வைக்கக் கழுத்தைக் கொக்கு மாதிரி நீட்ட வேண்டியிருந்தது. முன்கை எட்டவில்லை. நுனி ஆடியது.

"இப்படியே கொண்டு போனா சார்ஜன் சிரிச்சு அனுப்பிருவாரு" என்றார் கௌஸ். "பின்னாடி கட்டையவும் அறுக்கணும். ஒங்க மொழங்கைக்கும் விரலுக்கும் உள்ள அளவுக்கு. ஆனா ஒன்னு கேட்டுக்கங்க. குழல் வாய அறுத்தா யாரும் வருத்தப்படப் போறதில்ல, அழுகுன எடந்தான். கட்டை நல்ல கட்டை. அறுத்தா திரும்ப ஒட்ட முடியாது. அப்புறம் ஒங்க வீட்டு நெட்ட ஆம்பளைங்க யாருக்கும் இது தோதுப்படாது. இது ஒங்க சாமானாயிரும். வீட்டுல பேசிட்டு வாங்க."

பஸ்ஸில் திரும்பும்போது அவளுக்குக் கட்டையைப் பற்றிக் கவலையில்லை. அவள் கவலை வேறு. குடும்பச் சொத்தைக் குட்டிச்சுவர் ஆக்கியது அந்த மனிதரின் கைதான் என்று அவரிடமே எப்படிச் சொல்வது? ஏற்கெனவே ஒரு கை போனவர்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையின் மேல் சத்தம் பெரிதாக இருந்ததால் அவர் காதருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். ரூபனும் வந்திருந்தான், கடை சொன்னது என்ன என்று கேட்கவே வந்திருந்தான். அவனை வைத்துக்கொண்டே சொல்ல வேண்டியதாயிற்று. அரிப்பு, எலுமிச்சம்பழம், எல்லாம் சொன்னாள்.

கனகராஜ் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாக்கு இன்னும் முழுதாகச் சரியாகவில்லை, ஒவ்வொரு சொல்லாகத்தான் எடுத்து வைப்பார்.

"அப்ப... என் கண்ணு?"

"ஒங்க கண்ணுக்கு ஒன்னும் இல்லீங்க. கைக்கும் ஒன்னும் இல்ல அப்ப. நீங்க பாத்த எடம் சரிதான். தோட்டாதான் தள்ளிப் போயிருக்கு."

அவர் முகம் கோணியது. அழுகிறாரோ என்று செல்லாயி பதறினாள். அழுகையும்தான். ஆனால் அதற்குள்ளிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி வந்தது. பல மாதங்களாக அந்த வீட்டில் கேட்காத சிரிப்பு.

"அப்பனும்... மவனும்... சாமி கும்பிட்டே... கெடுத்துருக்கோம்!" இடது கையால் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். "என் குறி... தப்பல. புள்ள, என் குறி... தப்பல."

"தப்பலீங்க" என்றாள் செல்லாயி. அவள் கண்ணும் நிறைந்துவிட்டது. இதைச் சொல்லவா இவ்வளவு பயந்தோம் என்று இருந்தது.

ரூபன் பொறுமையாக இருந்து பார்த்தான். "சரிண்ணே, வாய அறுக்கட்டும். கட்டைய ஏன் அறுக்கணும்? அப்பா தோள்ல போட்டுட்டு தோட்டம் தீம்பாரெல்லாம் நடந்த துப்பாக்கிண்ணே. முன்னாலயும் அறுத்து பின்னாலயும் அறுத்தா அது என்னா துப்பாக்கி? கட்டச்சியாயிரும்."

கனகராஜ் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். நல்ல பக்கத்து உதடு மட்டும் மேலே போனது.

"இவளும்... கட்டச்சிதான்" என்றார். "அறுக்கட்டும்."

"அண்ணே, தனேஷ் இருக்கான். நாளைக்கு நம்ம வம்சத்துல ஒரு ஆம்பளப் பையன்..."

"தனேஷு... டுரியான் மரத்தையும் லங்சாட் மரத்தையும்... பிரிச்சுச் சொல்லுவானா?"

ரூபனின் மகன் தனேஷ் டுரியானை டப்பாவில் பார்த்தவன். ரூபன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்பினான். கிளம்பும்போதும் "மருந்து இருக்கா, வேணும்னா போன் போடுங்க" என்று அண்ணியிடம் சொல்லிவிட்டுத்தான் போனான்.

அனுமதி வந்தது. கௌஸ் வேலையை ஆரம்பித்தார். அளவெடுக்கச் செல்லாயியை இரண்டு தடவை வரச் சொன்னார். துணி தைக்கிறவரைப் போல அவள் முழங்கையை மடக்கச் சொல்லி, விரல் விசையில் எங்கே விழுகிறது என்று பார்த்து, கட்டையில் பென்சிலால் கோடு போட்டார். "மூச்ச இழுங்கக்கா, இப்ப பாதி விடுங்க" என்பார். அவர் சொல்வதற்கு முன்பே அவள் அதைச் செய்தாள். பால் மரத்தில் பட்டை சீவும்போது அப்படித்தான். கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், கொஞ்சம் மேலாகப் போனால் பால் வராது. கத்தி இறங்கும் நேரம் மூச்சு நிற்க வேண்டும். கௌஸின் ஏற்பாட்டில் சனிக்கிழமைக் காலைகளில் ஈப்போ சுடும் கிளப்பின் துப்பாக்கியில் பழகினாள். முதல் சனிக்கிழமை அட்டையையே காணோம். நாலாவது சனிக்கிழமை குண்டு விழுந்த இடங்களை ஒரு தோசைக் கரண்டியால் மூடலாம்.

வெட்டிய கட்டையின் பின்பக்கத்துக்குக் கௌஸ் கறுப்பு ரப்பரில் ஒரு பட்டை வைத்தார். "கித்தா காட்டுல பொழச்ச சாமான். அதுக்குக் கித்தாவுலயே செருப்பு" என்றார். பழைய கட்டையின் கீறல் ஒன்றைக்கூடத் தேய்த்து மழுப்பவில்லை. ஜாகா காலத்தில் விழுந்த வெட்டுத் தழும்பு அப்படியே இருந்தது. மெருகு மட்டும் ஏறியிருந்தது. கையில் எடுத்தபோது செல்லாயிக்குத் தன் வீட்டுச் சாமான் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்ல முடிந்தது.

பாலாயில் காட்ட வேண்டிய நாளில் ரூபனும் வந்துவிட்டான். யார் சொன்னார்கள் என்று தெரியாது. "அண்ணிக்குத் தொணைக்கு" என்றான். கௌஸ் துப்பாக்கியைக் கொண்டு வந்து சார்ஜனின் மேசையில் வைத்தார். சார்ஜன் ஸைஃபுல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, யோசிக்காமலே ரூபனிடம் நீட்டினார். ஆறடி ஆளைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

"பிடித்துக் காட்டுங்கள்."

ரூபன் மறுக்கவில்லை. ஒரு கணம் அண்ணியைப் பார்த்தான், வாங்கினான், தோளில் வைத்தான். முழங்கை மடங்கி விலாவில் இடித்தது. மூக்கு போய்க் கட்டைவிரல் மேல் உட்கார்ந்தது. கன்னத்துக்கு இடமே இல்லை. தலையைப் பின்னால் இழுத்தான், சாய்த்தான், மறுபடி வைத்துப் பார்த்தான். மேசைக்குப் பின்னால் இருந்த இளம் போலீஸ்காரி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"இது யாருக்குச் செய்தது?" என்று கேட்டார் சார்ஜன்.

"எனக்கு, துவான்" என்றாள் செல்லாயி.

வாங்கினாள். முதலில் திறந்து, உள்ளே ஒன்றுமில்லை என்று பார்த்து, அவருக்கும் காட்டினாள். குழல் வாயைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். தூக்கினாள். ரப்பர் பட்டை தோள் குழியில் போய் உட்கார்ந்தது, கன்னம் கட்டையில் படிந்தது, நுனி சுவரில் இருந்த ஆணியைப் பார்த்து நின்றது. ஆடவில்லை. காற்றாடி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

சார்ஜன் கிளப்பின் கடிதத்தைப் பார்த்தார், துப்பாக்கியைப் பார்த்தார், ரூபனைப் பார்த்துச் சிரித்தார். "அடுத்த வாரம் கொல்லையை வந்து பார்க்கிறேன், அக்கா. டுரியான் விழுகிறதா?"

"வாங்க துவான். விழ வைக்கிறேன்."

வெளியே வந்து காடிக் கதவைத் திறந்துவிட்டு ரூபன் நின்றான். "நெஜமாவே எனக்குச் சேரல அண்ணி" என்றான், ஏதோ சட்டையைப் பற்றிச் சொல்வதைப் போல. "ஏறுங்க, வீட்டுல விடுறேன்."

லைசன்ஸ் வந்தது. அந்தப் பருவத்தில் அணில்கள் வாலாட்டுவதைக் குறைத்துக்கொண்டன. செல்லாயி சுடும்போது கனகராஜ் மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இடது கை விரலால் இலைக்குள் காட்டுவார். முப்பது வருடப் பங்கீடு தலைகீழானது. இருவருக்கும் அதில் குறை ஒன்றும் இல்லை. ஊரில் வழி கேட்டால் இப்போதும் "துப்பாக்கிக்காரர் வீடா?" என்றுதான் கேட்கிறார்கள். யாரைச் சொல்கிறார்கள் என்று யாரும் விளக்குவதில்லை.

ஆயுத பூஜை வந்தது. பாராங், மிஷின், மோட்டார், பால்வெட்டுக் கத்தி, நடுவில் துப்பாக்கி. இந்தத் தடவை அது மற்றவற்றுக்கு மேலே தலையை நீட்டவில்லை, அவற்றோடு அடக்கமாக இருந்தது. பக்கத்தில் ஒரு பித்தளைத் தட்டில், கௌஸ் இரண்டு பக்கமும் அடைத்து, பாலாயில் காட்டிக் கேட்டுக் கொடுத்த, குழல் வாயிலிருந்து அறுத்த அந்த நாலு விரக்கடை இரும்புத் துண்டு. ரூபன் குடும்பத்தோடு வந்திருந்தான். பொங்கல், சுண்டல், கௌஸ் வீட்டிலிருந்து வந்த ஒரு ஜாடி எலுமிச்சை ஊறுகாய். "இனிமே எலுமிச்சம்பழத்த இந்தப் பக்கம் அனுப்புங்க" என்று மூடியில் எழுதி ஒட்டியிருந்தது.

கனகராஜ் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். எலுமிச்சம்பழத்தை இடது கையில் எடுத்தார். கை பழக்கத்தில் துப்பாக்கியின் பக்கம்தான் போனது. வீட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் "ஏய்!" என்றார்கள். அவரும் சிரித்துவிட்டார். பழத்தை இரும்புத் துண்டின் மேல் வைத்தார்.

"நீ... தின்னு" என்றார் அதனிடம்.

பிறகு சந்தனக் கிண்ணத்தில் விரலை நனைத்தார். பாராங்குக்கு வைத்தார், மிஷினுக்கு வைத்தார், மோட்டாருக்கு வைத்தார், கத்திக்கு வைத்தார். துப்பாக்கிக்கு முன் வந்து நின்றுவிட்டார். விரலில் சந்தனம் இருந்தது. இதற்கு எங்கே வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. குழலில் வைத்தால் ஈரம் துருவாகும், கட்டையில் வைத்தால் கௌஸ் போட்ட மெருகு கெடும்.

"வேணாங்க, விட்டுருங்க. அதுக்கு நான் எண்ணெ போட்டுட்டேன்" என்றாள் செல்லாயி.

அவர் தலையாட்டினார். தம்பியின் தோளை விட்டார். காலை இழுத்து ஓரடி எடுத்து வைத்து அவள் முன்னால் வந்தார். இடது விரலை நீட்டி, அவள் வலது தோளில், துப்பாக்கியின் கட்டை வந்து உட்காரும் அந்தக் குழியில், புடவையின் மேலேயே சந்தனத்தை வைத்தார். அதன் நடுவில் குங்குமத்தையும் வைத்தார்.

ரூபன்தான் சூடத்தைக் கொளுத்தினான். தட்டைத் துப்பாக்கிக்குக் காட்டிவிட்டு, திரும்பி, அண்ணிக்கும் ஒரு சுற்றுக் காட்டினான்.